குகன் ‘விடு’ என்று கத்தும்வரை

பலகையின் நுனியில், குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். குதிகால்கள் இரண்டும் வெளியே நிற்கின்றன. பாதத்தின் முன்பாதி மட்டும்தான் பலகையில். அதன் சொரசொரப்பு உள்ளங்காலில் குத்துகிறது. பின்னால் தண்ணீர் இருக்கிறது என்று நம்பித்தான் நிற்கவேண்டும்.

என் கண்ணாடி குகனிடம் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் எனக்குக் குளமும் ஒன்று, கூரையும் ஒன்று. எல்லாமே வெளிறிய நீலம். கரையில் ஒரு கரிய புள்ளி அசைகிறது. அதுதான் குகன்.

“மாஸ்டர், நிண்டு நிண்டே பொழுது சாயப்போகுது. பாயுமன்.”

பாய்கிறேன். முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன். உலகம் பின்பக்கமாகப் புரள்கிறது. எது மேல், எது கீழ் என்று ஒன்றும் தெரியவில்லை. காதுக்குள் காற்று இரைகிறது. அப்போதுதான் அந்தக் குரல் வருகிறது.

“விடு.”

கட்டிய கைகளை விடுகிறேன். கால்கள் நீள்கின்றன. அடுத்த கணம் பாதங்கள் தண்ணீரைத் தொடுகின்றன.

இது நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மெல்பேர்ணின் கிழக்குப் பக்கத்தில் ஒரு நீச்சல் குளம், சனிக்கிழமைக் காலை. அவ்வளவுதான் ஞாபகம். எந்த வருடம் என்று மனைவியைக் கேட்கலாம். ஆனால் எங்கள் பாய்ச்சல்களைப் பற்றி அவளுக்கு அன்றைக்கே நல்ல அபிப்பிராயம் இல்லை.

போன கிழமை, இந்தப் பத்தியில் வேலை தேடி அலைந்த கதையை எழுதும்போது, ‘சனிக்கிழமைகளில் குத்துக்கரணம் அடிக்கப் போவேன்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். கிளென் வேவர்லியில் இருந்து ஒரு வாசகர் தொலைபேசி எடுத்து அதைப் பிடித்துக்கொண்டார். “அதென்ன கரணம்? ஒரு வரியோட விட்டிட்டீங்கள்?” என்றார். விட்டதற்குக் காரணம் இருக்கிறது. கரணத்தைப் பற்றி எழுதினால் குகனைப் பற்றி எழுதவேண்டும். குகனைப் பற்றி எழுதினால் அந்தக் குரலை ஒரு தடவை கேட்கவேண்டும்போல் இருக்கும். இதோ எழுதத் தொடங்கிவிட்டேன், கேட்கவேண்டும்போல்தான் இருக்கிறது.

சுழல் கதிரை

குகனையும் என்னையும் சேர்த்துவைத்தது கிளேட்டனில் ஒரு வாடகை வீடு. இரண்டு பேரும் மாணவர்களாக வந்தவர்கள். அவன் சிவில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். நான் பௌதிகம் முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர் வைத்தான். ஒரு பள்ளிக்கூடம் என்னை நம்பி வகுப்பறைக்குள் விடுவதற்கு நெடுநாள் முன்னரே அவன் வாயால் நான் மாஸ்டராகிவிட்டேன்.

மெல்பேர்ணில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வேண்டாத சாமான்களை வீட்டு வாசல் புல்லில் வைத்துவிடலாம். மாநகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும். லொறி வருவதற்கு முன்னர் எங்களைப் போன்றவர்கள் வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுத் தளபாடம் முழுவதும் அப்படிச் சேர்ந்ததுதான். அதில் ஒன்று ஒரு சுழல் கதிரை. ஒரு கைப்பிடி உடைந்திருந்தாலும் சுற்றுவதில் குறை சொல்ல முடியாது.

ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை குகனை அதில் இருத்தினேன். கைக்கு ஒன்றாகப் பெரிய பால் போத்தல்களைக் கொடுத்தேன். கைகளை அகல விரிக்கச் சொல்லி மெல்லச் சுற்றிவிட்டேன்.

“இப்ப போத்தலை நெஞ்சுக்குக் கொண்டு வா.”

கொண்டுவந்தான். கதிரை பம்பரமாகிவிட்டது.

“நிப்பாட்டடா, நிப்பாட்டு.”

“கையை விரி. தன்பாட்டில மெதுவாகும்.”

அவன் விரிக்கவில்லை. பயத்தில் போத்தல்களை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தான். கதிரை இன்னும் வேகமாகச் சுற்றியது. கடைசியில் எப்படியோ இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வாந்தி எடுத்தான். அன்றைக்குச் சமைப்பது அவனுடைய முறை. நான்தான் சமைத்தேன்.

பயந்தவன் சுருங்குகிறான், சுருங்கியதால் இன்னும் வேகமாகச் சுழல்கிறான். பௌதிகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஊரில் இதைக் ‘கோண உந்தம்’ என்று படித்தோம். பெயர்தான் பெரிது, சங்கதி சின்னது. கால் நிலத்தை விட்டுக் கிளம்பும்போது எவ்வளவு சுழற்சியை எடுத்துக்கொண்டு போகிறோமோ அவ்வளவுதான். அந்தரத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, உதைப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆகவே அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. உடம்பைச் சுருட்டினால் விரைவாகப் புரளலாம், நீட்டினால் ஆறுதலாகப் புரளலாம். கையிருப்பு மட்டும் மாறாது.

இதை நான் விளக்கிய அன்று குகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “நாங்களும் கொண்டுவந்ததை வைச்சுத்தானே மச்சான் இங்க சுத்துறம்.”

பூனை செய்யும் தந்திரம்

இந்த இடத்தில் பூனையைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பழைய மாணவர்கள் கோபிப்பார்கள். வருடா வருடம் இதே பூனையைத்தான் அவர்களுக்கு முன்னால் விழவிட்டேன். சொல்லால்தான் விழவிட்டேன், பயப்பட வேண்டாம்.

முதுகு கீழே இருக்க, கொஞ்சமும் சுழலாமல் ஒரு பூனை விழுகிறது. ஆனாலும் நாலு காலில் வந்து நிற்கிறது. கொண்டுபோன சுழற்சி பூச்சியம். அந்தரத்தில் கூட்டவும் முடியாது. அப்படியென்றால் திரும்பியது எப்படி?

பூனை நடுவில் மடிந்து தன்னை இரண்டு பாதியாக்கிக்கொள்கிறது. முன்கால்களை உள்ளே இழுத்து, பின்கால்களை வெளியே நீட்டுகிறது. அப்போது முன்பாதி சுலபமாக நிறையத் திரும்பும். பின்பாதி எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம்தான் திரும்பும். பிறகு மாற்றிச் செய்கிறது. முன்கால்களை நீட்டிப் பின்கால்களை இழுக்க, இப்போது பின்பாதி நிறையத் திரும்புகிறது. எந்த நேரத்தில் கூட்டிப் பார்த்தாலும் பூச்சியம்தான். ஆனால் பூனை திரும்பிவிட்டது.

“பூனைக்கு ஏலுமெண்டால் எனக்கு ஏன் ஏலாது?” என்று குகன் மறுபடியும் கதிரையில் ஏறினான். கால்களை நிலத்தில் படாமல் தூக்கிக்கொண்டான். கைகளை நீட்டி வலப்பக்கமாக வீச, கதிரை இடப்பக்கம் சற்று அசைந்தது. கைகளை மடக்கி நெஞ்சோடு வைத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். கதிரை அவ்வளவாகத் திரும்பிப் போகவில்லை. மறுபடி நீட்டினான், வீசினான், மடக்கினான். தொலைக்காட்சியைப் பார்த்து இருந்தவன் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலைப் பார்த்துத் திரும்பிவிட்டான்.

வெளியே மழை. அவனுடைய முகத்தில் ஒரு பெருமை. “ஒருத்தரும் தள்ளாமல் திரும்பிட்டன், பாத்தியோ?” என்றான். அந்த முகத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அதற்கு விசேஷமான காரணம் ஒன்றும் அன்றைக்கு இருக்கவில்லை.

தண்ணீருக்குள் படிகள்

கதிரையில் இருந்து குளத்துக்குப் போனது குகனுடைய யோசனை. பெரியவர்களுக்குப் பாய்ச்சல் வகுப்பு என்று நீச்சல் குளத்து வாசலில் அறிவித்தல் போட்டிருந்தார்கள். நான் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள் வளர்ந்தவன். கிணற்றில் அள்ளிக் குளித்ததைத் தவிரத் தண்ணீரோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. நீச்சலே இங்கு வந்துதான் படித்தேன். குகன் கீரிமலைப் பக்கம். கடலோரக் கேணியில் பாய்ந்து வளர்ந்தவன்.

பயிற்சி கொடுத்தவர் டெப் என்று ஒரு பெண்மணி. தலை நரைத்திருந்தது, தோள்கள் மட்டும் நரைக்கவில்லை. முதல் நாள் குகன் பாய்ந்ததைப் பார்த்துவிட்டு, “அந்தப் பலகை உன்னைக் கடிக்குமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கேட்டதில் பிழை இல்லை. பலகையில் இருந்து மேலே எழும்பவேண்டும். உயரம் கிடைத்தால்தான் அந்தரத்தில் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால்தான் புரண்டு முடிக்கலாம். குகனோ மேலே எழும்பாமல் தூரத்துக்குப் பாய்ந்தான். துரத்திக்கொண்டு வரும் நாய்க்குத் தப்பி ஓடுகிறவன் போலப் பலகையை விட்டு ஓடினான்.

காரணம் எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கேணியைச் சுற்றித் தண்ணீருக்குள்ளும் கல்லுப் படிகள் இறங்குகின்றன. கேணிக்கட்டில் நின்று நேரே மேலே எழும்பி விழுந்தால் படியில்தான் விழவேண்டும். ஆகவே கேணியில் பாய்ந்து பழகியவர்கள் எல்லோரும் படிகளைத் தாண்டித் தூரத்துக்குத்தான் பாய்வார்கள். இங்கே குளத்துக்குள் படி இல்லை என்பது அவனுடைய தலைக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியாது.

டெப் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசிவரை அந்தப் பழக்கம் போகவில்லை. போகாதது பெரிதில்லை. நான் பாயப் பழகியது டெப் சொன்னதைக் கேட்டு அல்ல, குகன் பாய்ந்ததைப் பார்த்து. ஆகவே நானும் தூரத்துக்கே பாய்ந்தேன். வாழ்நாளில் ஒருதடவைகூட இறங்காத ஒரு கேணியின் படிகளுக்கு நானும் பயந்தேன்.

பின்பக்கக் கரணம் பழகும்போதுதான் குரல் வந்தது. அந்தரத்தில் புரள்கிறவனுக்குத் தான் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. எப்போது சுருளை அவிழ்க்கவேண்டும் என்று கரையில் நிற்பவர்தான் கத்திச் சொல்லவேண்டும். முந்தி அவிழ்த்தால் முகம் அடிபடும், பிந்தி அவிழ்த்தால் முதுகு அடிபடும். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் சில நாளில் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

டெப் “அவுட்” என்று கத்துவார். அந்த நாட்களில் ஆங்கிலம் என் காதுக்குள் போய், தமிழாகி, பிறகுதான் காலுக்கு இறங்கும். அதற்குள் முதுகு தண்ணீரில் இருக்கும். முதுகு சிவந்து சிவந்து, சட்டை போட முடியாமல் நான் நின்ற ஒரு சனிக்கிழமை, கரையில் இருந்து குகன் பொறுமை கெட்டுக் கத்தினான்.

“விடடா, விடு.”

விட்டேன். கால்கள் நேரே போய் இறங்கின. வெளியே வந்து பார்த்தபோது டெப் கைகளைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அன்றில் இருந்து எனக்கு ‘விடு’ என்று கூப்பிடுவது குகன்தான். குளத்தில் பாயும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூட ஒருவருக்கொருவர் ‘விடு, விடு’ என்று கத்தப் பழகிவிட்டார்கள்.

அது நல்ல குரல் என்று சொல்லமாட்டேன். பாட்டுக்கு உதவாது, பேச்சுக்கும் சுமார்தான். பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிடும் கொண்டக்டருடைய கரகரத்த குரல். ஆனால் கண் தெரியாத அந்த அந்தரத்தில், உலகத்தில் எனக்கு நிச்சயமாக இருந்தது அது ஒன்றுதான்.

கெல்லிவில்லில் ஒரு ஜன்னல்

குகன் கோயம்புத்தூர்ப் பெண்ணான வாசுகியைக் கட்டிக்கொண்டு சிட்னிக்குப் போனான். இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. கெல்லிவில்லில் வீடு வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்போம். அவன் இங்கு வந்தாலும் நான் அங்கு போனாலும் ஒரு குளத்தைத் தேடிப் பிடித்துப் பாய்வோம். அவன் இல்லாத நாட்களில் நான் பின்பக்கக் கரணம் அடிக்கவில்லை. யாரும் கேட்டால் வயதாகிவிட்டது என்று சொல்வேன்.

பிறகு தொலைபேசியில் அவனுடைய குரல் இன்னும் கரகரத்தது. “கொண்டக்டருக்குத் தொண்டை கட்டிப் போச்சோ?” என்று பகிடி பண்ணினேன். அவனும் சிரித்தான். அது வெறும் சளித் தடிமன் இல்லை என்று பின்னர் தெரிந்தது. அறுவைச் சிகிச்சையில் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்ற அதுதான் வழி என்றார்கள், காப்பாற்றியும் விட்டார்கள். அதற்கு நான் நன்றி இல்லாதவன் அல்ல.

இப்போது அவன் மூச்சு விடுவது கழுத்தில் இருக்கும் ஒரு துவாரத்தால். அதற்குள் தண்ணீர் போனால் நேரே நுரையீரல்தான். ஆகவே குளம் இல்லை, கடல் இல்லை; குளிப்பதுகூடக் கவனமாகத்தான்.

என்னுடைய தொலைபேசியில் அவனுடைய பழைய குரல் பதிவு ஒன்று கிடக்கிறது. “மச்சான், ஸ்ரேசனுக்கு வெளியில நிக்கிறன். எங்கயடா நிக்கிறாய்?” அவ்வளவுதான். அதற்குள் ஒரு விசேஷமும் இல்லை. அதைக் கேட்டுவிட்டுச் சில நாட்கள் காரை விட்டு இறங்க முடியாமல் இருந்திருக்கிறேன்.

இந்தக் கோடை தொடங்கும்போது வாசுகி தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணா, அவரு எங்கயுமே வர மாட்டேங்கறாருங்க. யாராச்சும் வீட்டுக்கு வந்தா ரூமுக்குள்ள போயிடறாரு. வாக்கிங்கூடப் போறதில்ல. டாக்டர் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் ஒண்ணும் நல்லா இல்லீங்கண்ணா.”

“நான் வாறன், தங்கச்சி” என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை போனேன்.

குகன் ஜன்னலோரம் ஒரு கதிரையில் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தான். என் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. நானே போய் அவனுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றேன். மெலிந்திருந்தான். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. கையைத் தூக்கி என் தோளைத் தட்ட வந்தான். பாதியில் கை நின்றுவிட்டது. கழுத்தில் வெட்டியபோது வலப்பக்கத் தோள் பலம் குறைந்துவிட்டது என்று வாசுகி முன்னரே சொல்லியிருந்தாள்.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டான். ஏன் என்று கேட்டதற்குத் தொலைபேசியில் எழுதிக் காட்டினான்: ‘அது லிஃப்ற் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. நான் இல்லை.’

தேத்தண்ணீர் குடித்தோம். கதைக்கவேண்டியவன் நான் ஒருவன்தான் என்றபடியால் நிறையக் கதைத்தேன். எல்லாம் வெறும் கதை. கடைசியில் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“நாளைக்குக் குளத்துக்குப் போவம்.”

அவன் கழுத்துத் துணியைக் காட்டினான்.

“நீ இறங்க வேண்டாம். எனக்குக் கூப்பிட ஆள் வேணும்.”

ஒரு முழு மடையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். மறுபடியும் கழுத்தைக் காட்டினான், இந்தத் தடவை கொஞ்சம் கோபமாக.

நான் கதவடிக்குப் போய் என் ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்துவந்து குனிந்து தரையில் ஓங்கி அடித்தேன். கரப்பான் பூச்சி என்று நினைத்து வாசுகி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். குகனுடைய தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லாமல் ஒருவர் சிரிப்பதை நான் அதற்கு முன்னர் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

செருப்பு

பிளாக்டவுனைத் தாண்டி ஒரு திறந்தவெளிக் குளம். சனிக்கிழமைக் காலை என்றாலும் பாயும் பக்கத்தில் கூட்டம் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சூடாகிய சீமெந்தில் ஈரக்கால்கள் பதிந்த மணம், சன்ஸ்கிரீன் மணம், எங்கோ உருளைக்கிழங்கு பொரிக்கும் மணம்.

தண்ணீர் தெறிக்காத தூரத்தில் குகன் தரையில் இருந்தான். கழுத்தில் துணிக்கு மேல் இன்னொரு துணி. என் கண்ணாடியை வாங்கி, பழைய நாட்களைப் போலவே மடிக்காமல் தன் தலைக்குமேல் ஏற்றி வைத்துக்கொண்டான். செருப்பைக் கையில் எடுத்துத் தரையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தான். நல்ல சத்தம். கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்த ஒரு கிழவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

ஏணியில் ஏறினேன். இந்த வயதில் இது என்ன வேலை என்று முழங்கால் கேட்டது. நுனிக்குப் போய்த் திரும்பிக் குதிகால்களை வெளியே விட்டேன். எல்லாம் நீலம். கரையில் ஒரு கரிய புள்ளி.

பாய்ந்தேன். முழங்கால்களைக் கட்டினேன். புரண்டேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் யோசிக்கவில்லை. எத்தனையோ வருடத்துச் சனிக்கிழமைகள் உடம்புக்குள் இருந்திருக்கின்றன. கைகள் தாங்களாகவே விட்டன, கால்கள் தாங்களாகவே நீண்டன, நேராகப் போய் இறங்கினேன்.

தண்ணீருக்குள் போன பிறகுதான் செருப்புச் சத்தம் கேட்டது. மந்தமாக, எங்கோ மேல்வீட்டில் யாரோ கதவைச் சாத்தியதுபோல.

கரைக்கு நீந்தி, ஏறி அவனிடம் போனேன். அவன் தலையில் இருந்து கண்ணாடியை எடுத்துத் தந்தான். அவனுடைய முகம் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“கேட்டது மச்சான். அதிலதான் விட்டனான்” என்றேன்.

குகனுடைய உதடுகள் மெதுவாக அசைந்தன. சத்தம் வராவிட்டாலும் அந்தச் சொல்லை வாசிக்க எனக்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை. பொய்.

தொலைபேசியை எடுத்து எழுதினான்: ‘கை எழும்பேல்லை. நான் அடிக்க முன்னம் நீ விட்டிட்டாய். நீ இப்ப நல்லாப் பாயிறாய் மாஸ்டர். உனக்கு ஆள் தேவையில்லை.’

வாழ்நாளில் நான் அடித்த மிகச் சிறந்த பின்பக்கக் கரணம் அதுதான். அதை நினைத்து அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. குகன் செருப்பைக் கீழே வைத்தான். மற்றச் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தான், புறப்படுகிறவன் வைப்பதுபோல. அவன் இப்போது எழும்பிக் காருக்குப் போனால் அந்த ஜன்னலுக்குத்தான் போவான். மறுபடியும் ஒருவராலும் அவனை வெளியே கொண்டுவர முடியாது. அதுமட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“இன்னுமொருக்கா” என்றேன். “ஒண்டே ஒண்டு. எனக்காக இரு.”

கண்ணாடியைக் கழற்றி அவனுடைய மடியில் போட்டுவிட்டு, அவன் வேண்டாம் என்று கையசைப்பதற்கு முன்னர் ஏணியில் ஏறிவிட்டேன். கண்ணாடி இல்லாதவனுக்குக் கையசைப்பது தெரியாதே, அது ஒரு வசதி.

நுனியில் நின்றேன். கரிய புள்ளி எழும்பி நிற்கிறதா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று தெரியவில்லை. எழும்பிப் போயிருந்தாலும் எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு பாய்ந்தேன், எப்போதும்போலத் தூரத்துக்கு, படிகளைத் தாண்டி.

முழங்கால்களைக் கட்டினேன். புரண்டேன். ‘இப்ப விடு’ என்று கைகள் சொல்லின. விடவில்லை. இது கணக்குத் தெரியாமல் செய்த காரியம் இல்லை. சுருண்டிருப்பவன் சுழன்றுகொண்டேதான் இருப்பான். காத்திருக்கும் ஒவ்வொரு கணத்துக்கும் என்ன விலை என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். கால்கள் கீழே வந்து, தாண்டி, மறுபடியும் மேலே போகத் தொடங்கின. நான் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அடி குகன், அடி.

அடித்தான். அந்தரத்திலேயே கேட்டது. விட்டேன்.

முழு முதுகும் தண்ணீரில் ஒன்றாக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் செருப்பு ஒன்றுமில்லை. குளத்துக் காவலுக்கு நின்ற பெண் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஓடிவந்து, பிழைத்திருக்கிறேனா என்று கேட்டாள். பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். கதைக்கக்கூடிய நிலையில் நானும் இருக்கவில்லை.

கரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். குகன் கரையோரம் வந்து முழங்காலில் நின்றுகொண்டிருந்தான். தோள்கள் குலுங்கின, முகம் முழுவதும் கண்ணீர். சிரிக்கிறானா அழுகிறானா என்று கண்ணாடியைப் போட்ட பிறகும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. என் முதுகைக் கையால் தொட்டுப் பார்த்தான். பிறகு தொலைபேசியில் எழுதத் தொடங்கினான். விரல் ஈரம், எழுத்துகள் பிழைத்தன. அழித்து அழித்து எழுதி, என் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

‘விசரா. நான் பிந்தி அடிச்சிட்டன். இந்தமுறை முந்தி அடிக்கிறன். போ, ஏறு.’

ஏணியடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவன் பழைய இடத்தில் இருந்தான். பலமில்லாத கையின் முழங்கையைத் தூக்கி முழங்கால்மேல் வைத்து, மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தான். செருப்பு இப்போதே உயரத்தில் நின்றது.

முதுகு நெருப்பாக எரிந்தது. நான் ஏணியில் ஏறினேன்.